பனியன் முதுகில் ஒரு பெயர்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. சாக்குக்குள் இருப்பது தேங்காய் இல்லை, இரும்புத் தகடு. விளிம்பு கீறிவிடும். கண்டக்டர் ஏறும்போதே கேட்டார், "இது லக்கேஜா, கைப்பையா?" என்று. இரண்டும் இல்லை, சாட்சிப்பொருள் என்றேன். என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நான் வாயைத் திறந்தாலே பாதிப் பேர் அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஜன்னலோரம். உங்களால் போக முடியாது.

திருப்பூருக்குத்தானே? நானும் அங்கேதான். அங்கே ஒரு பிரின்டிங் யூனிட்டில் இன்று மூன்று மணிக்கு இருநூறு பனியன்களின் முதுகில் ஒரு பெயர் ஏறப் போகிறது. தப்பான பெயர். ஏறுவதற்குள் நான் போய் அதை மாற்ற வேண்டும். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அண்ணன் போனைக் கேட்டேன். "உன்ற சண்டைக்கெல்லாம் என்ற போன இழுக்காத" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அம்மா போனா? அம்மா தரமாட்டாள். ஏன் தரமாட்டாள் என்பதுதான் கதையே. முழுக்கக் கேளுங்கள், கேட்டால் நீங்களே என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

மேக்காத்து ரைடர்ஸ் என்று எங்கள் கோயமுத்தூரில் ஒரு கூட்டம். நாற்பது பேர். எல்லாரிடமும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. கம்பெனி அந்த வண்டியை மறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இவர்கள் மறக்கவில்லை. பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்காது. உடைந்தால் யாராவது கையால் செய்துதான் ஆக வேண்டும். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். வருடா வருடம் ஆடியில் ஒரு பெரிய பயணம் போவார்கள், அதற்குப் பனியன் அடிப்பார்கள், அந்த வருடம் நல்ல பார்ட் செய்த ஆளின் பெயரை முதுகில் போடுவார்கள். நாற்பது பேருக்கு இருநூறு பனியன் எதற்கு என்று கேட்டேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் கொடுப்பார்களாம். பார்த்தீர்களா, பெயர் ஊர் ஊராகப் போகிற சமாச்சாரம். இதுவரை போட்டதெல்லாம் ஆண்கள் பெயர்தான். அதை எடுத்துச் சொன்னவளும் நான்தான்.

இந்த வருடம் எங்கள் வீட்டுப் பெட்டி. வண்டியின் பக்கத்தில் ஸ்பேனர், டியூப் எல்லாம் வைக்க ஒரு சைடு பாக்ஸ் இருக்கும் இல்லையா, அண்ணன் வண்டியில் அது துருப்பிடித்துக் கொட்டிவிட்டது. வண்டி அப்பாவுடையது. அப்பா மஸ்கட்டில் இருக்கிறார். சரி என்று வீட்டிலேயே புதிதாக ஒன்று செய்தோம். அதை மாட்டிக்கொண்டு அண்ணன் இவர்களோடு வால்பாறை போனான். நாற்பது கொண்டை ஊசி வளைவு முழுக்க மழை. மற்றவர்கள் பெட்டியைத் திறந்தால் மீன் வளர்க்கலாம், அவ்வளவு தண்ணீர். அண்ணன் பெட்டியில் வைத்த துண்டு, வைத்தபடி காய்ந்து இருந்திருக்கிறது. அப்புறம் என்ன, எனக்கு ஒன்று உனக்கு ஒன்று என்று பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள்.

கிளப்புக்குத் தலைவர் நந்தகோபால் என்று ஒருத்தர். அந்தப் பிரின்டிங் யூனிட் அவருடையதுதான். அவர் பெட்டியை வீடியோ எடுத்துப் போட்டார். "நம்ம கிருபா தம்பி, யாருகிட்டயும் போகாம, ஊட்லயே செஞ்சதுங்க. பனியன்ல இந்த வருசம் தம்பி பேருதான்." கிருபா என்றால் என் அண்ணன் கிருபாகரன். ஒரு போல்ட்டை நேராகத் திருகத் தெரியாதவன். ஏன்டா பொய் சொன்னாய் என்று கேட்டால், "நான் செஞ்சேன்னு எங்க சொன்னேன்? ஊட்ல செஞ்சதுன்னேன். அவிங்களா அப்பிடி நெனச்சுக்கிட்டாங்க" என்கிறான். அதுதானே அக்கா பிரச்சினை! வீட்டில் செய்தது, வீட்டில் சமைத்தது, வீட்டில் தைத்தது. வீடு என்ன, தானாகவா செய்கிறது? நான் எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் வருடம். என் ஆய்வுத் தலைப்பே அதுதான்: 'வீட்டுக்குள் நடக்கும் உழைப்பும் பெயரின்மையும்.' என்னிடமே இப்படி.

யார்தான் செய்தது என்கிறீர்களா? நான் செய்தது.

ஏன் சிரிக்கிறீர்கள்? கேளுங்கள். பெட்டியின் அடிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும் என்று சொன்னது யார்? நான். அண்ணன் பின்னால் உட்கார்ந்து போனால் பழைய பெட்டி என் காலில் இடிக்கும், ஒரு மாதம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுதானே டிசைன்? மழைக்கோட்டு அடங்குகிற அளவு வேண்டும் என்றதும் நான். 'அடைமழை' என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, பெயிண்ட் அடித்தது முழுக்க நான், அதில் வேறு யாரும் கை வைக்கவில்லை. மீதி? மீதி என்றால், அளவெடுப்பது, அட்டை வெட்டுவது, தகடு வெட்டுவது, மடிப்பது, பற்றவைப்பது. அதெல்லாம் அம்மா.

சரி, நீங்கள் கட்டடம் கட்டினால் இன்ஜினியர் பெயரைச் சொல்வீர்களா, கொத்தனார் பெயரைச் சொல்வீர்களா? இதையே எங்கள் வகுப்பில் வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

அம்மாவுக்கு வெல்டிங் எப்படி என்றால், அப்பா மஸ்கட் போவதற்கு முன்னால் கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டு கார் ஷெட்டிலேயே கிரில் பட்டறை வைத்திருந்தார். ஆள் வராத நாளில் அம்மாதான் கம்பியைப் பிடிப்பாள், அப்புறம் அம்மாவே பற்றவைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். உண்மையில் அவள் தொழில் பிளவுஸ் தைப்பது. இருபது வருடம். ஷெட்டில் இந்தப் பக்கம் தையல் மெஷின், அந்தப் பக்கம் வெல்டிங் மெஷின். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் காலையில் பிளவுஸ், மத்தியானம் பெட்டி.

அவள் வேலை செய்கிற விதம் தனி. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் தூக்கிப் போட மாட்டாள். கெட்டி அட்டை. வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இஞ்ச் டேப்பால் அளப்பாள், கைக்கும் கழுத்துக்கும் அளக்கிற மாதிரியே. பிறகு பத்திரிகை அட்டையில் மாதிரி வெட்டி, அதைத் தகட்டின் மேல் வைத்துத் தையல் சாக்கட்டியால் கோடு போடுவாள். இதோ, சாக்கைத் திறந்து காட்டுகிறேன், கையை மட்டும் வைக்காதீர்கள். இது அந்த அட்டை. பின்பக்கம் பாருங்கள், 'சுபமுகூர்த்தப் பத்திரிகை', பெண்ணின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. முன்பக்கம் இரண்டு கோடு தெரிகிறதா? வெளியே அழுத்தமாக ஒன்று. அரை அங்குலம் உள்ளே தள்ளிப் புள்ளிப் புள்ளியாக இன்னொன்று. பிளவுஸுக்குப் போடுவது போலவே. வெட்டுவதற்கு ஒரு கோடு, தைப்பதற்கு ஒரு கோடு.

இருபது வருடப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது பாவம் என்று நான் நினைத்துக்கொள்வேன். இரும்புக்கு எதற்கு அக்கா தையலுக்குத் துணி விடுவது? மனசுக்குள் சிரித்துக்கொள்வேன், வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்கு உண்டு. அவள் வெட்டி, தட்டுவதை நான் நின்று பார்த்ததும் இல்லை. அந்தச் சத்தத்தில் ஒரு வரி எழுத முடியாது. நான் லைப்ரரிக்குப் போய்விடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடியோவின் கீழே நான் பதினான்கு கமெண்ட் போட்டேன். நீளமாக ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம். நந்தகோபால் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நேராகப் போனில் கூப்பிட்டேன். பதினான்காவது தடவை எடுத்தார்.

"அம்மிணி, பேரு போடறதுல எங்களுக்கு என்னங்க? தாராளமாப் போடறோம். ஆனா ஒரு மொறை இருக்குதுங்க. செஞ்சவங்க வந்து எங்க முன்னாடி ஒருக்கா செஞ்சு காட்டோணும். மெக்கானிக் பழனிவேல் அண்ணனே செஞ்சு காட்டுனாருங்க."

"பெண் என்பதால் சோதிக்கிறீர்களா?"

"பழனிவேல் அண்ணன் பொம்பளைங்களா, அம்மிணி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டி முழுக்க வேண்டாம், மூடி மட்டும் செய்து காட்டினால் போதும் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்து நிற்கிறாள். கையில் தகரக் கத்தரி.

"பாப்பா, ஒருக்கா வெட்டித் தட்டிப் பாக்கறியா? ஒரே ஒருக்கா."

"இன்னும் மூணு பக்கம் பாக்கி இருக்கும்மா."

"என்ன பக்கம்?"

"நாளைக்குப் பேசறதுக்கு."

"பேசறதா? வெட்டிக் காட்டோணும்னுதான சொன்னாங்க?"

"வெட்டறதுக்கு முன்னாடி பேசணும்மா. எதுக்கு வெட்டறோம்னு தெரிய வேண்டாமா?"

"ஓ," என்றாள் அம்மா. அவ்வளவுதான். கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீலாம்பூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து வெல்டிங் மெஷினுக்குக் கொடுத்திருந்தார்கள். நாற்பது வண்டியும் வரிசையாக. அம்மா என் கூட வந்திருந்தாள். உதவிக்கு. நான் இருபது நிமிடம் பேசினேன். பெண்களின் உழைப்புக்கு ஏன் பெயர் இருப்பதில்லை என்று ஆரம்பித்து, நெற்களம், நூற்பாலை, அடுப்படி என்று ஒன்று விடாமல் தொட்டேன். நல்ல வரவேற்பு. சிலர் நடுவிலேயே கைதட்டினார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்து. ஒருத்தர் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார். பேச்சு நிற்கட்டும் என்றுதான் கொடுத்தார் என்று அண்ணன் சொல்கிறான். அவன் அப்படித்தான் சொல்வான்.

பேசி முடித்துக் கத்தரியை எடுத்தேன். தகடு மேலே அம்மா ஏற்கெனவே இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தாள். நான் கத்தரியைப் புள்ளிக்கோட்டில் வைத்தேன். பின்னாலிருந்து மெதுவாக, "பாப்பா, வெளிக்கோடு" என்றாள்.

நான் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இது பிளவுஸ் இல்லம்மா!" என்றேன்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒரு பேச்சாளருக்கு அது என்ன போதை என்று உங்களுக்குத் தெரியாது அக்கா. அம்மாவும் சிரித்தாள். நான் புள்ளிக்கோட்டிலேயே வெட்டினேன். பத்து நிமிடம். கட்டைவிரலில் கொப்புளம், இதோ இன்னும் ஆறவில்லை. ஆனால் வெட்டு என்றால் வெட்டு, ஒரு நூல் பிசகவில்லை. தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள். பெட்டியின் வாயில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

உட்கார்ந்து, டங்கென்று வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது.

சிரியுங்கள், பரவாயில்லை. அங்கே யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. முன்வரிசையில் பழனிவேல் என்கிற அந்த மெக்கானிக் கேட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மிணி, மடிக்கறக்கு வெளிம்பு எங்கீங்க?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அரை அங்குலம் வெட்டிப் போடுவதற்கு இல்லை. புள்ளிக்கோட்டில் சுற்றிலும் கீழே மடித்துவிட வேண்டும். மடித்தால்தான் மூடி, டப்பா மூடி போலப் பெட்டியின் வாயைக் கவ்வும். அந்த மடிப்புதான் தண்ணீரை உள்ளே விடாமல் நிறுத்துவது. வால்பாறை மழையில் அந்தத் துண்டு காய்ந்து இருந்தது என்றேனே, அதற்குக் காரணம் நான் சொன்ன சரிவும் இல்லை, நான் அடித்த பெயிண்டும் இல்லை. அந்த அரை அங்குலம். நான் அதை நாற்பது பேர் முன்னால், சிரிக்க வைத்துவிட்டு, கத்தரித்துப் போட்டேன்.

யாரும் ஒன்றும் பேசுவதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"அது என்ற தப்புங்க. கோட்ட மாத்திப் போட்டுட்டேன். புள்ளிக்கோட்டுல வெட்டுன்னு நாந்தேன் பாப்பாகிட்டச் சொன்னேன். இப்பெல்லாம் கண்ணு செரியாத் தெரியறதில்லீங்க."

கண் தெரியாதாம்! விளக்குப் போடாமல் ஊசி கோர்ப்பவள் அவள். 'வெளிக்கோடு' என்று அவள் சொன்னது முன்வரிசைக்காவது கேட்டிருக்கும். யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவள் நான். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஒன்றும் செய்யவில்லை. கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அம்மா இன்னொரு தகட்டை எடுத்தாள். புடவை முந்தானையைச் செருகிக்கொண்டாள். மூன்றே நிமிடத்தில் வெளிக்கோட்டில் வெட்டிவிட்டாள். ஒரு ஆங்கிள் இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி மடித்தாள். நான் நினைத்த மாதிரி பெரிய சத்தமே இல்லை அக்கா. சின்னச் சின்ன தட்டு. தட்டு, நகர்த்து, தட்டு. மூலைக்கு ஒரு பொட்டு வெல்டிங். மூடியைப் பெட்டியில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. க்ளக். பாட்டில் தண்ணீரை மேலே முழுக்க ஊற்றினாள், திறந்தாள், உள்ளே கைவிட்டு, காய்ந்த கையைக் காட்டினாள். காட்டிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டாள்.

என்ன கைதட்டல் தெரியுமா? என் பேச்சுக்கு வந்ததைப்போல் மூன்று மடங்கு. நான் கணக்குப் பார்க்கவில்லை, சும்மா தெரிந்தது.

நந்தகோபால், "அம்மா, அப்ப பனியன்ல…" என்று ஆரம்பித்தார்.

"பாப்பா பேரே போடுங்க," என்றாள் அம்மா. "எல்லாம் அவ ரோசனைதானுங்க. நான் சும்மா கை மட்டுந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். "செரிங்க, கௌசிகா அம்மிணி பேரே போட்டுருவோம். சந்தோசந்தானுங்களே?" என்றார். அன்று சாயங்காலமே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டார் போல.

ஆமாம் அக்கா, தப்பான பெயர் என்றேனே, அது என் பெயர்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா பொய் சொன்னே?"

"பொய்யா? நான் வெட்டிக் கெடுத்த பிளவுஸு எத்தனை இருக்கும்னு நெனைக்கற? 'துணி சுருங்கிருச்சுங்க'ன்னு சொல்லிச் சமாளிச்சுருக்கேன். தொழில்னா அதெல்லாம் இருக்கறதுதான். போய்ச் சோத்தப் போட்டுத் தின்னு."

"அது உன் தப்புக்கு. இது என் தப்பு."

"உன்றதென்ன, என்றதென்ன? உன்ற பேரு வந்தா எனக்கு வந்தாப்புலதான்."

இந்த வாக்கியத்தை எதிர்த்து நான் மூன்று கல்லூரி மேடைகளில் பேசியிருக்கிறேன். இரண்டில் முதல் பரிசு. என் வீட்டுச் சமையல்கட்டில் நின்றுகொண்டு என்னிடமே சொல்கிறாள். நான் போய்ச் சோற்றைப் போட்டுத் தின்றேன் அக்கா.

நேற்றுக் காலையில் கொக்கி தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்கிறாள். "ஏம் பாப்பா, அந்தப் பனியனு வண்டி ஓட்டறவிங்களுக்கு மட்டுந்தேன் குடுப்பாங்களா?"

"ஏன், உனக்கு எதுக்கு? நீ பனியனா போடப் போறே?"

"போடறதுக்கு இல்ல. சும்மா பாக்கத்தேன். ஊர் ஊரா முதுகுல போகுமாமே, எழுத்து எப்பிடி வருதுன்னு."

சொல்லிவிட்டுக் கொக்கியைக் கடித்துக்கொண்டு அடுத்த பிளவுஸை எடுத்தாள்.

உடனே அம்மாவுக்காகத்தான் போகிறாய் என்று முடிவு கட்டாதீர்கள். இது கொள்கைப் பிரச்சினை. ஒரு ஆவணத்தில் தப்பான தகவல் ஏறக்கூடாது. பனியனும் ஆவணம்தான், துவைக்கலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். என் வாதத்தை எழுதியே வைத்திருக்கிறேன், ஒன்பது பக்கம். நான் தப்பாக வெட்டிய அந்த மூடி, சாட்சிப்பொருள் ஒன்று. இந்த அட்டை, சாட்சிப்பொருள் இரண்டு. நந்தகோபால் மறுப்பார். "அம்மாவே சொன்னாங்களேங்க" என்பார். அதற்கு நான்காம் பக்கத்தில் பதில் இருக்கிறது. "அச்சடிக்க ஸ்கிரீன் போட்டாச்சுங்க" என்பார். அது ஆறாம் பக்கம்.

இது என்ன, பஸ் நின்றுவிட்டது? அவினாசியா? தேரோ என்னவோ, ஒரே கூட்டம். மணி என்ன? இரண்டே முக்காலா! இப்படியே நின்றால் மூன்று மணிக்கு எப்படிப் போவேன்?

உங்கள் போனா? உங்கள் போனிலிருந்து… அட, இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? கொடுங்கள் அக்கா. நம்பர் மனப்பாடம். பதினான்கு தடவை அடித்தவளுக்கு மறக்குமா? ஸ்பீக்கர் வேண்டாம், பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

ஹலோ, நந்தகோபால் அண்ணனுங்களா? நான்… வைக்காதீங்க! ஆமாங்க, கௌசிகாதான். அதே கௌசிகாதான். … சண்டை இல்லீங்க. ஒரே விஷயம். பனியன்ல பேரை மாத்தணும். … இல்லீங்க, எங்க அண்ணன் பேரு வேண்டாம். அன்னைக்குத் தப்பா வெட்டுனது நான். அம்மா போட்ட கோடு சரி. அம்மா வெளிக்கோடுன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கலை. … என்னது? … தெரியுமா? யாருக்குத் தெரியும்? … நாப்பது பேருக்குமா?

…

அப்பறம் ஏன் என் பேரு போடறேன்னீங்க? … அம்மா கேட்டாங்கன்னா, கேட்டா போட்டுருவீங்களா? … சரி. … இன்னும் ஏத்தலியா? ஏன்? … நான் கூப்புடுவேன்னா? நம்பரை பிளாக் பண்ணிட்டு நான் எப்படிங்க கூப்புடுவேன்னு எதிர்பாத்தீங்க? … சரிங்க, கூப்புட்டுட்டேன்தான். ஒத்துக்கறேன்.

ஆமா, அம்மா பேரு. … 'அம்மா'ன்னு மட்டும் போட்டா எப்படிங்க? பேரைப் போடுங்க. … தெரியாதா? நாப்பது பேரு நின்னீங்க, அம்மா அம்மான்னு கூப்புட்டீங்க, கை தட்டுனீங்க, ஒருத்தருக்குக்கூடப் பேரு என்னன்னு கேக்கத் தோணலையா? … நானா? நான் சொல்லியிருப்பேனே. இருபது நிமிசம் பேசுனேனே. ஆரம்பத்துலயே, 'எங்க அம்மா, உதவிக்கு வந்திருக்காங்க'ன்னு…

சொல்லலையா?

…

ரேணுகாதேவி.

ஆமாங்க. ரேணுகாதேவி. … சேத்துத்தான், பிரிக்க வேண்டாம். … இல்லீங்க, என் பேரு வேண்டாம். … கீழ சின்னதாவும் வேண்டாம். … எவ்வளவு சின்னதா? … இல்ல, வேண்டாம். வேண்டாம்னா வேண்டாங்க. வைக்கறேன்.

இந்தாருங்கள் அக்கா, போன். ரொம்ப நன்றி.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து இதே பேச்சுத்தானே பேசிக்கொண்டு வருகிறேன். உங்களிடமுமா அம்மா பெயரைச் சொல்லவில்லை?

…

சரி.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா அந்த ஆள். ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன், முதல் பக்கத்தைக்கூடத் தொடவிடவில்லை. 'செரிங்க அம்மிணி'யாம். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? இங்கேயே இறங்கி அந்தப் பக்க பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானப் பெட்டி வேலை முடிவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். தகட்டைப் பிடிக்க ஆளில்லாமல் அம்மா தனியாகத்தான் தட்டிக்கொண்டிருப்பாள்.

ஆனால் போக முடியாது. யோசித்துப் பாருங்கள், கௌசிகா சின்னப் பெயர். ரேணுகாதேவி பெரிய பெயர். இரண்டு தோளுக்கும் நடுவில் அடக்க வேண்டும் என்று எழுத்தைச் சுருக்கிவிடுவார்கள். சுருக்கியே தீருவார்கள், எனக்குத் தெரியும். பின்னால் வருகிற லாரி டிரைவருக்குப் படிக்க முடியவில்லை என்றால் அது என்ன பெயர்? பஸ் கிளம்பிவிட்டது பாருங்கள். திருப்பூருக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. எழுத்து ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஆறு காரணம் இருக்கிறது அக்கா. எங்கேயாவது வலுவில்லாமல் இருந்தால் சொல்லுங்கள். முதல் காரணம் என்னவென்றால்…